அமைதி காப்போரும் மாத்தளைப் புதைகுழியும்

சர்வதேச அமைதி காக்கும் அமைப்புகளின் பயனையும் எல்லையையும் அளந்தறிய மாத்தளை ஓர் உரைகல்லாகும். 1987 இல் இருநாட்டு உடன்படிக்கையின்படி வந்த இந்திய அமைதி காக்கும் படை வடக்குக் கிழக்கில் தானே போரில் ஈடுபட்டு, 1990 இல் வெளியேறியது. அதே காலத்தில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதனை ஒடுக்கிய அரச வன்முறையும் மாத்தளை இளைஞர் பலரைக் காவுகொண்டன. அங்கு இடைநிற்க எவருமிலர்.

சைப்பிரசில் 1964 முதல் ஐ.நா. படை நிலைத்திருப்பது அரசின் இசைவினாலேயாம். அரசே கொலைத் தரப்பாகுமிடத்து அவ்விசைவு கிட்டுவதில்லை, ஐ.நா. சாசனமும் உள்நாட்டு விவகாரத்தை விலக்கி வைக்கின்றது.

ஆயினும், படை புகாவிடத்தும் விசாரணை புகலாம். காணாமற்போனோர் தொடர்பான ஐ.நா. செயற்குழு 1991, 1992, 1999, 2015 ஆம் ஆண்டுகளில் இலங்கைக்கு வந்து முறைப்பாடுகளை ஆராய்ந்தது. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து 150 இற்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவை 1986–1990 காலத்தன என்றது உள்நாட்டுத் தொல்லியலாய்வு. 1950 இற்கு முற்பட்டன என்றது அமெரிக்க ஆய்வுகூடத்தின் கரிமக் கணிப்பு. ஐயம் தீரவில்லை.

காணாமற்போனோரின் பெயர்களை உலக அமைப்பு காத்து வைக்கலாம். எலும்புகளுக்கு உரியோரை இனங்கண்டு அறிவிக்கும் அதிகாரமோ அரசின் கையிலேயே உளது.