தகுதி எனும் தராசு

குமரி மாவட்டத்தில், முஞ்சிறைக்கு அருகே, பார்த்திபபுரம் என்றோர் ஊர் உண்டு. இன்று அவ்வூரைப் பற்றிப் பேசுவார் சிலரே. ஆயினும், 'தகுதி' என்ற சொல்லின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வூரை விட்டுவிட்டு எழுத முடியாது.

கி.பி. 866இல், ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் அங்கே ஒரு கோயிலையும், கோயிலோடு ஒரு சாலையையும் அமைத்தான். சாலை என்றால் வண்டி ஓடும் வழியன்று. உணவும் உறைவிடமும் தந்து ஓதுவிக்கும் கல்விச்சாலை. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது. இடங்கள் 95. அந்த 95ஐயும் வேதப் பிரிவுவாரியாக 45, 36, 14 என்று பங்கிட்டுச் செப்பேட்டில் பொறித்து வைத்தனர். சேர வருவோர்க்குத் தகுதியும் விதித்தனர். இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். புரோகிதம் அறிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் காரியங்களுக்குப் பயன்படத்தக்க புலமை வேண்டும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால், அதே ஊரில் பனையேறியவன் மகன் ஒருவன், எப்படியோ இலக்கணம் கற்று, அந்தச் சாலையின் வாசலில் வந்து நின்றிருந்தால்? செப்பேட்டில் அதற்கு விடை இல்லை. எழுத வேண்டிய தேவையே அவர்களுக்கு எழவில்லை. இலக்கணத்தைக் கேட்ட வாசலுக்கு முன்னால், பிறப்பைக் கேட்ட வாசல் ஒன்று இருந்தது. எழுதப்பட்ட தகுதி ஒன்று. எழுதப்படாத தகுதி மற்றொன்று. முன்னதைக் கற்றுக் கடக்கலாம். பின்னதைக் கடக்க மறுபிறப்புத்தான் எடுக்க வேண்டும்; அதை நாம் நம்புவதில்லை!

இந்தப் பழைய செப்பேடு இப்போது எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். பள்ளி ஆசிரியராவதற்கு இன்று விதிக்கப்பட்டுள்ள தகுதிகளை ஆராயப் புகுந்த நமக்கு, அந்த இரட்டை வாசலே அளவுகோலாகக் கிடைத்தது. எழுதப்பட்டது எது? எழுதப்படாதது எது? இரண்டையும் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். ஆசிரியனுக்குத் தகுதி வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. நாமும் வகுப்பறையில் நிற்பவர்தாம். பயிற்சியற்ற கையில் கத்தியைக் கொடுத்து அறுவை செய்யச் சொல்வோமா? பிள்ளையின் மூளை மட்டும் என்ன மலிவுச் சரக்கா? தகுதி வேண்டும், கட்டாயம் வேண்டும். தராசு வேண்டாம் என்பதன்று நம் வழக்கு. தராசின் முள் சரியாக நிற்கிறதா என்பதே நம் கேள்வி.

இம்மாவட்டத்தில் மூடிக்கிடந்த கல்வியின் கதவு தானாகத் திறக்கவில்லை. 1809இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கினார். 1820ஐ ஒட்டி நாகர்கோவிலில் பெண்களுக்கும் பள்ளி பிறந்தது. மதம் பரப்ப வந்தவர்களே ஆயினும், ஏட்டைத் தொடக்கூடாது என்று விலக்கப்பட்டவன் கையில் ஏட்டைக் கொடுத்தவர்கள் அவர்கள் என்பதைப் பகுத்தறிவாளன் மறைக்கமாட்டான். தோள்சீலைப் போராட்டத்தின்போது பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. மார்பை மறைக்கும் உரிமையும் எழுத்தறியும் உரிமையும் ஒரே நெருப்பில் வெந்து, ஒன்றாகவே எழுந்தன. 1859இல் அரசு பணிந்தது.

அந்நாளில் சிற்றூர்தோறும் எழுத்தறிவித்தவர் பலருக்குப் பட்டமில்லை, பயிற்சியில்லை. துணிவு இருந்தது. ஆனால் துணிவு மட்டும் போதாது என்பதையும் காலம் உணர்த்திற்று. 1856இல் சென்னையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர் சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்தது. கற்பிப்பது ஒரு கலை, அதைக் கற்றே பெற வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. நல்ல எண்ணம். அதை இன்றைய விதிகள் எங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கின்றன?

எழுதப்பட்ட வாசல்களை எண்ணிப் பாருங்கள். மேல்நிலைத் தேர்வு, அதன்மேல் மூன்றாண்டுப் பட்டம், அதன்மேல் பி.எட். முன்பு ஓராண்டாக இருந்த பி.எட்., 2015 முதல் ஈராண்டாயிற்று. ஆசிரியர் கல்விக்கென்றே 2008இல் தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகம் ஒன்று அமைக்கப்பட்டது. கல்வியியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. பாடம் வகுப்பது, தேர்வு வைப்பது, பட்டம் தருவது எல்லாம் அதன் பொறுப்பு.

ஈராண்டுப் படிப்பில் இருபது வாரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. விதி சிறந்தது. நடப்பு என்ன? நாம் பயிற்சிக்குச் சென்ற பள்ளியில், விடுப்பெடுத்த ஆசிரியரின் வகுப்பை அடக்கிவைக்கும் காவலர் வேலையே நமக்குப் பெரும்பாலும் கிடைத்தது. நாம் பாடம் நடத்தியபோது பின்பலகையில் அமர்ந்து, "இங்கே தவறினாய், இப்படிச் செய்" என்று சொல்ல ஒருவர் வந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பதிவேடுகளுக்கோ குறைவில்லை! பாடத்திட்டப் பதிவேடு, உளவியல் பதிவேடு, கற்பித்தல் கருவிப் பதிவேடு என்று சட்டம் போட்ட வண்ண அட்டைகள். முந்தைய ஆண்டு மாணவர் எழுதியதைப் பார்த்து நாம் எழுதினோம். நாம் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதியிருப்பர். செப்பேடுகூட இவ்வளவு உண்மையாகப் படியெடுக்கப்பட்டிராது!

பயிற்சியைப் பாழாக்கியது யார்? மாணவரா? கல்வியியல் கல்லூரிகளின் பெரும்பகுதியைத் தனியார் வணிகத்திற்குத் திறந்துவிட்டு, ஒப்புதல் முத்திரை குத்தியவர்கள் அல்லவா? அவர்கள் கடையை ஒழுங்குபடுத்தவில்லை. கடையில் பொருள் வாங்கி வந்தவனை வழிமறித்துச் சோதிக்கத் தொடங்கினர்.

அந்தச் சோதனைதான் தகுதித் தேர்வு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆசிரியருக்குரிய குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் அதிகாரத்தை நாடு முழுமைக்குமான ஒரே அமைப்பின் கையில் தந்தது. அவ்வகையில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டு 23இல் அறிவிக்கை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க வருவோர்க்குப் பயிற்சிப் பட்டம் மட்டும் போதாது. தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 150 வினா, 150 மதிப்பெண். 90 பெற்றால் தேர்ச்சி.

தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலை 12இல் நடந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை! 'ஆசிரியர்களின் இலட்சணத்தைப் பாரீர்' என்று எள்ளி நகையாடியவர் பலர். அவ்வாண்டு அக்டோபரிலேயே மறுதேர்வு நடந்தது. தேறியோர் தொகை பன்மடங்காயிற்று. இடையில் இருந்தது மூன்று திங்கள். அதற்குள் அறிவு மழையாய்ப் பொழிந்ததா? கலைமகள் நேரில் வந்து நாவில் எழுதினாளா? இல்லை, தோழர்களே! ஜூலையில் தந்த நேரம் ஒன்றரை மணி. அக்டோபரில் தந்தது மூன்று மணி. வினாவொன்றுக்கு 36 நொடி என்றிருந்தது 72 நொடியாயிற்று. அவ்வளவே! அப்படியானால் ஜூலைத் தேர்வு அளந்தது அறிவையா, கடிகாரத்தையா? நான்காம் வகுப்புப் பிள்ளை கழித்தலில் தடுமாறும்போது, அருகே அமர்ந்து பொறுமையோடு காத்திருப்பவன்தானே ஆசிரியன்? அவனைத் தேர்ந்தெடுக்க 36 நொடி அளவுகோலா?

அதன்பிறகேனும் தராசு நிலைத்ததா? 2014இல் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கான தேர்ச்சி மதிப்பெண்ணை 82 ஆக்கினர். அதை வரவேற்றோம். அதே ஆண்டில், தகுதித் தேர்வுக்கு 60 விழுக்காடு, மேல்நிலைத் தேர்வு, பட்டம், பி.எட். மூன்றுக்குமாக 40 விழுக்காடு என்று ஒரு கணக்கு வகுத்தனர். மதிப்பெண் அருமையாகக் கிடைத்த காலத்தில் பள்ளி முடித்தவனையும், அது தாராளமாகக் கிடைத்த காலத்தில் முடித்தவனையும் ஒரே தட்டில் நிறுத்தினர். மூத்தவன் தட்டு மேலே போயிற்று. 2018இல் அந்தக் கணக்கையும் கைவிட்டு, தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்று ஆணையிட்டனர். ஆறாண்டுக்குள் நான்கு மாற்றம்! முள் இப்படி ஆடும் தராசில் புளியும் வாங்கமாட்டாள் நம் ஊர்ச் சந்தைக்கு வரும் கிழவி.

பிறகு வந்தது 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எத்தனை ஆண்டு பணியாற்றியவராயினும், ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும்; இல்லையேல் பணியை விட்டு விலக வேண்டும் என்றது. ஐந்தாண்டுக்கு உட்பட்டோர் பணியில் நீடிக்கலாம். தேர்வின்றிப் பதவி உயர்வு மட்டும் இல்லை. சிறுபான்மையோர் பள்ளிகளைப் பற்றிய வினா பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த குமரியில் அந்த வினாவின் கனம் என்னவென்று ஊரறியும். நம் பள்ளியில் இருபதாண்டாகக் கரும்பலகை முன் நின்ற மூத்த ஆசிரியை ஒருவர், மாலையில் தம் பழைய மாணவனிடமே வழிகாட்டி நூல் கேட்டு வாங்கிச் சென்றதைக் கண்டோம். இருபதாண்டுக் கற்பித்தலை ஒருநாளேனும் வகுப்பில் வந்தமர்ந்து பார்க்காத ஓர் அமைப்பு, 150 வினாவைக் கொண்டு அவரை அளக்கப் புறப்பட்டதே என்று நெஞ்சு வெதும்பினோம்.

இவை எழுதப்பட்ட வாசல்கள். எழுதப்படாதது எது? காலமும் காசும்! நம்மோடு பி.எட். பயின்றவள், கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் மகள். அண்ணனின் வள்ளத்தில் வந்த பங்கும், அம்மாவின் தாலியை அடகுவைத்த பணமும் அவளுக்குக் கட்டணமாயின. பட்டம் பெற்றாள். தகுதித் தேர்வுக்குப் பயிற்சி மையம் வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். அறிவிப்பு வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கக் குடும்பத்தால் முடியவில்லை. இன்று அவள் நகரத்தில் ஒரு துணிக்கடையில் விலைச்சீட்டு எழுதுகிறாள். அவளை எந்தத் தேர்வும் தோற்கடிக்கவில்லை. தேர்வு அறைக்கு அவள் போய்ச் சேரவேயில்லை! தோற்றவர் கணக்கை அரசு வெளியிடும். அவளைப் போன்றோர் எந்தக் கணக்கில்?

இத்தனை வாசல் கடந்தோர்க்கு நாடு தரும் மதிப்பு என்ன? 2022இல் அரசுப் பள்ளிகளின் காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியரை அமர்த்தியபோது அறிவித்த மாத ஊதியம், இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய். கேட்பது யானை எடை. கொடுப்பது பூனைக்குப் பால்!

இன்னொன்றும் கேட்போம். அந்த 150 வினாவில் இல்லாதது எது? 2023 ஆகஸ்டில், அண்டை மாவட்டத்து நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குலத்து மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் பயின்ற மாணவர்கள். அரிவாளைப் பிடித்த அந்தக் கைகளுக்கு எழுதுகோல் பிடிக்கக் கற்றுத் தந்தவர்களும் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களே. அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்முன் சமூகநீதி குறித்த அவர் மனப்பாங்கையும் அறிய வேண்டும் என்றது. இதுவன்றோ தகுதி! 1982இல் மண்டைக்காட்டில் மதவெறி மூட்டிய தீயைக் கண்ட மாவட்டம் இது. ஒரே பலகையில் கோயில் தெருப் பிள்ளையும் குருசடித் தெருப் பிள்ளையும் அமர்ந்திருக்கும் வகுப்பில் நிற்கும் ஆசிரியன், இருவரையும் மனிதப் பிள்ளைகளாக மட்டுமே காண்கிறானா? உளவியல் பகுதியில் 30 வினா கேட்கிறார்கள். அறிஞர் பெயரைக் கேட்கிறார்கள்; கோட்பாட்டைக் கேட்கிறார்கள். இதை மட்டும் கேட்கவில்லை. நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கி இதற்கு விடை சொல்லவும் முடியாது. வகுப்பில் வந்து பார்த்தால்தான் தெரியும்.

'மேல்நாட்டில் இதைவிடக் கடுமை' என்பர். ஆம், பின்லாந்தில் கடுமைதான். 1979 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் முதுகலை அளவில் பயில வேண்டும். ஆனால் முழுமையாகப் பாருங்கள். அங்கே அந்நாட்டு மாணவர் பல்கலைக்கழகக் கட்டணம் செலுத்துவதில்லை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகள் உண்டு. அங்கே தேர்ந்த ஆசிரியர் உடனிருந்து கற்றுத் தருகின்றனர். பட்டம் பெற்று வெளிவந்தவனை மறித்து, 'உன் பட்டம் மெய்தானா?' என்று கேட்கும் தேர்வு அங்கில்லை. தன் பல்கலைக்கழகத்தை நம்பும்படி அந்த நாடு அதை நடத்துகிறது. இங்கோ 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்தபட்சத் தகுதி என்கிறது. அதில் சேர நாடு முழுமைக்கும் பொது நுழைவுத் தேர்வு! கடுமையை இறக்குமதி செய்கிறார்கள். கட்டணமின்மையைக் கப்பலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது இது. பல்கலைக்கழகம் தரும் பட்டம் மெய்யானால், அதன்மேல் தேர்வு எதற்கு? பொய்யானால், அந்தப் பட்டத்தை விற்கும் கூடங்கள் எதற்கு? இரண்டில் ஒன்றுக்கு விடை கூறட்டும். பயிற்சிக் கல்வியை அரசு தன் பொறுப்பில் கட்டணமின்றித் தரட்டும். இருபது வாரப் பயிற்சியைத் தேர்ந்த ஆசிரியரின் மேற்பார்வையில், உண்மையான வகுப்பறையில் நடத்தட்டும். பாடம் நடத்துவதைப் பார்த்தே தகுதியை முடிவு செய்யட்டும். பிள்ளைகளைச் சமமாக நடத்துகிறானா என்பதையும் அங்கேயே பார்க்கட்டும். அந்த வாசலைக் கடக்க முடியாதவனை, நம் உடன்பிறந்தானே ஆயினும், ஆசிரியனாக்க வேண்டாம். வாசல் ஒன்று போதும். அது நேர்மையான வாசலாக இருக்கட்டும்.

பார்த்திபபுரத்துச் சாலை இன்றில்லை. பிறப்பைக் கேட்ட அதன் முன்வாசலை நம் முன்னோர் போராடிப் பெயர்த்தெறிந்தனர். அந்த இடத்தில் காசு கேட்கும் வாசல் எழுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா? துணிக்கடையில் விலைச்சீட்டு எழுதும் அந்த விரல்கள் கரும்பலகையில் எழுத வேண்டியவை. அவற்றிற்காகப் பேசும் கடமை, வாசலைக் கடந்து உள்ளே வந்துவிட்ட நமக்கே முதலில் உண்டு.