அரோரா: காணப்படாத விமானம் பற்றிய இரு நூல்கள்

ஒரு நூல் என்ன கூறுகின்றது என ஆராய்வதோடு திறனாய்வாளனின் கடன் முடிந்துவிடுவதில்லை. கூறப்படும் பொருளை நூலாசிரியர் எவ்வாறு அறிந்துகொண்டார் என்ற வினாவும் எழுப்பப்படல் வேண்டும். கற்பனை இலக்கியத்துக்கு இவ்வினா பெரிதும் வேண்டப்படாதது. ஆயின், உண்மையைக் கூறுவதாக உரிமை கொண்டாடும் நூல்களைப் பொறுத்தவரை இதுவே தலையாய வினாவாகும். பேசப்படும் பொருளை எவரும் கண்டதாக நிறுவமுடியாத நிலையில் எழுதப்பட்ட நூல்கள் இவ்வகையில் நமக்கு நல்லதொரு சோதனைக்களமாக அமைகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் 'அரோரா' எனப்படும் இரகசிய விமானம் பற்றிய இரு நூல்களை அந்நோக்கிலே அணுகுவோம்.

முதலாவது, பில் சுவீற்மன் 1993 இல் வெளியிட்ட நூல். 'அரோரா' என்பதே அதன் தலைப்பு. ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தை அதிமீயொலி வேகம் என்பர். அவ்வேகத்தில் பறக்கும் உளவு விமானம் ஒன்று மறைவிலே உருவாக்கப்பட்டுள்ளது என்பது அந்நூலின் வாதம். இரண்டாவது, பென் றிச் என்பார் லியோ யானோசுடன் இணைந்து 1994 இல் வெளியிட்ட 'ஸ்கங்க் வேர்க்ஸ்'. றிச், லொக்ஹீட் நிறுவனத்தின் இரகசிய விமானப் பிரிவுக்கு 1975 முதல் 1991 வரை தலைமை வகித்தவர். அத்தகைய விமானம் இல்லை என்பது அவர் கூற்று. ஒருவர் வெளியே நின்று 'உண்டு' என்கிறார். மற்றவர் உள்ளேயிருந்து 'இல்லை' என்கிறார்.

இவ்வதந்தியின் மூலபாடம் ஒரேயொரு சொல்லாகும். 1985 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் கொங்கிரசுக்குச் சமர்ப்பித்த கொள்வனவு மதிப்பீட்டில், உளவு விமானங்களின் வரிசையை அண்டி, 'அரோரா' என்ற பெயர் விளக்கமேதுமின்றி இடம்பெற்றிருந்தது. அப்பெயரோடு இணைத்துக் கூறப்படும் தொகையிலே பாடபேதம் உண்டு. 1987 ஆம் நிதியாண்டுக்கு 455 மில்லியன் டொலர் என்பது ஒரு பாடம். 2000 மில்லியனுக்கும் அதிகம் என்பது மற்றொரு பாடம். வாசகர் எந்தத் தொகையை முதலிற் சந்திக்கின்றார் என்பதைப் பொறுத்து, அவர் மனத்தில் எழும் விமானத்தின் பருமனும் மாறிவிடுகின்றது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் நன்கறிந்த இடர்ப்பாடு இது. மூலம் சிதைந்திருக்கும் இடத்திலேதான் உரை பெருகும்.

இனி இவ்வுரைப் பெருக்கத்தை எவ்வாறு மதிப்பிடுவது? மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் வைதிகவாதி பத்து அளவைகளை எடுத்துரைப்பதை நாம் அறிவோம். காண்டல், கருதல், ஆகமம், அருத்தாபத்தி, ஐதிகம் என்பன அவற்றுட் சில. அரோரா பற்றிய சான்றுகள் யாவும் இவ்வைந்தனுள் அடங்கிவிடுகின்றன.

காண்டலை முதலிற் கொள்வோம். 1989 ஆகஸ்ற் மாதத்தில் வட கடலின் எண்ணெய்க் கிணற்று மேடையொன்றிற் பணியாற்றிய பொறியியலாளர் ஒருவர், எரிபொருள் வழங்கும் விமானத்தின் பின்னே முழுக்கரிய முக்கோண வடிவமொன்று செல்வதைக் கண்டார். எஃப்-111 விமானங்கள் இரண்டு உடன் சென்றன. அவர் விமானங்களை அடையாளங்காண்பதில் முறையான பயிற்சி பெற்றவர். ஆதலின் அவர் கூற்றைத் தள்ளிவிடல் எளிதன்று. எனினும் அவர் கண்டது வடிவத்தை மாத்திரமே. எரிபொருள் பெறும் விமானம் மெதுவாகவே பறக்கும். அதன் உச்சவேகம் அக்காட்சியில் அடங்கியிருக்கவில்லை. 'முக்கோணம்' என்பது காண்டல். 'அதிமீயொலி' என்பது கருதல். சுவீற்மனின் நூலைப் படிப்போர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டை அடிக்கடி தாமே வரைந்துகொள்ள வேண்டியுள்ளது.

கருதலின்பாற்பட்ட சான்றுகள் இரண்டு. 1991, 1992 ஆம் ஆண்டுகளில் தென் கலிபோர்னியாவின் நில அதிர்வுமானிகள் வானிலிருந்து வந்த ஒலியதிர்ச்சிகளைப் பதிவுசெய்தன. கருவிகள் பல இடங்களில் இருந்தமையால், அதிர்ச்சியின் திசையையும் வேகத்தையும் கணிக்க இயன்றது. கருவி பொய்யுரைப்பதில்லை. ஆயின், அதிர்வை எழுப்பிய பொருளின் பெயரை அது கூறுவதுமில்லை. 1992 இல் ரெக்சாஸ் வானிலே படம் பிடிக்கப்பட்ட, கயிற்றிற் கோத்த வளையங்கள் போன்ற புகைத்தடம் மற்றைய சான்று. இது புதுவகை இயந்திரத்தின் அடையாளமெனக் கொள்ளப்பட்டது. சாதாரண விமானத்தின் சிறகு முனைகளில் எழும் சுழல்களும் தம்முட் பின்னி வளையங்களாகச் சிதறக்கூடும் என்பது 1970 இலேயே விளக்கப்பட்டுவிட்டது. புகை கண்டு நெருப்பைக் கருதலாம். அடுப்பிற் கொதிப்பது யாதெனக் கருதல் இயலாது.

மூன்றாவது அருத்தாபத்தி. பருத்த தேவதத்தன் பகலில் உண்பதில்லை எனின், இரவில் உண்கிறான் எனக் கொள்வதே இது. 1964 இல் முதன்முதற் பறந்த எஸ்.ஆர்.-71, ஒலியின் வேகத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டியது. 1976 இல் மணிக்கு 3529 கிலோமீற்றர் என்ற சாதனையை நிலைநாட்டியது. இதனை விமானப்படை 1990 இல் ஓய்வுபெறச் செய்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அது லொஸ் ஏஞ்சல்சிலிருந்து வாஷிங்ரனுக்கு 64 நிமிடத்திற் பறந்து அரும்பொருளகத்திடம் சேர்ந்தது. இத்தகைய விமானத்தைக் கைவிடுவோர் இதனினும் சிறந்த ஒன்றை மறைவிலே வைத்திருத்தல் வேண்டும் என்பதே வாதம். கேட்பதற்கு வலியதாகத் தோன்றும் இவ்வாதம், வேறு விளக்கம் இல்லாதபோது மாத்திரமே செல்லும். செய்மதிகளின் வளர்ச்சியும் அவ்விமானத்தைப் பேணுவதற்கான பெருஞ்செலவும் வேறு விளக்கங்களாக நிற்கின்றன. தேவதத்தன் பகலிலே அயல்வீட்டில் உண்டிருக்கவும் கூடுமன்றோ!

ஐதிகத்துக்கு வருவோம். இம்மரத்திலே ஒரு தெய்வம் உறைகின்றது என உலகோர் கூறுவதை ஏற்றுத் தெளிதல் ஐதிகம். நவீன வதந்தியும் அத்தகையதே எனக் கூறி ஒதுக்கிவிடலாமா? ஆகாது. 1980களில் 'எஃப்-19' என்றொரு மறைவிமானம் பற்றிப் பேச்சு அடிபட்டது. 1986 இல் அதன் பிளாஸ்ரிக் மாதிரியுருவும் கடைகளுக்கு வந்தது. பின்னர் 1988 நவம்பரில் அரசு எஃப்-117 விமானத்தை ஒப்புக்கொண்டது. அது 1981 முதலே பறந்துகொண்டிருந்தது. மாதிரியுரு வளைவுகளால் ஆனது. உண்மை விமானமோ தட்டையான முகப்புகளால் ஆனது. பெயர் தவறு, வடிவம் தவறு. ஆனால் 'ஒன்று உண்டு' என்பது சரி. வதந்தி அறிவன்று, எனினும் அறிவு மறுக்கப்பட்ட இடத்தை அது சுட்டிக்காட்டக்கூடும். சுவீற்மனுக்குச் சார்பாகக் கூறத்தக்க மிக வலிய நியாயம் இதுவேயாகும்.

அவருக்கு எதிராக நிற்பது பௌதிகம். மாக் 5 வேகத்தில் விமானத்தின் முன்முனையில் மோதும் காற்றின் வெப்பநிலை ஆயிரம் பாகை செல்சியசை எட்டும். 1986 இல் ஜனாதிபதி றேகன் பகிரங்கமாக அறிவித்த எக்ஸ்-30 திட்டம், ஒரு விமானமும் பறக்காமலே 1990களின் முற்பகுதியிற் கைவிடப்பட்டது. 2004 இல் எக்ஸ்-43ஏ மாக் 9.6 வேகத்தை அடைந்தபோது அதன் இயந்திரம் இயங்கியது ஏறத்தாழப் பத்துச் செக்கன்களே. 2013 இல் மாக் 5 ஐத் தாண்டிய எக்ஸ்-51ஏ சில நிமிடங்கள் இயங்கியது. இரண்டும் ஆளில்லாதவை, இரண்டும் மீளப் பெறப்படாது கடலில் வீழ்ந்தவை. பகிரங்க உலகு இவ்வாறு இடருற்ற துறையில் இரகசிய உலகு கால்நூற்றாண்டு முந்திவிட்டது என்பதை, ஓர் எண்ணெய் மேடைக் காட்சியையும் சில அதிர்வுப் பதிவுகளையும் கொண்டு ஏற்பது கடினம்.

அவ்வாறாயின் றிச்சின் மறுப்பை ஏற்றுவிடலாமா? இங்கேதான் ஆகமம் என்ற அளவை நமக்குத் துணைபுரிகின்றது. பிறர் உரை சான்றாவதற்கு, உரைப்பவன் பொருளை அறிந்தவனாகவும் பொய்யுரைக்கத் தேவையற்றவனாகவும் இருத்தல் வேண்டும். றிச் முதல் நிபந்தனையை முற்றாக நிறைவுசெய்கின்றார். இரண்டாவதை நிறைவுசெய்ய அவராலும் இயலாது. இரகசியம் பேணக் கடமைப்பட்டவர் அவர். அரோரா என்பது பி-2 குண்டுவீச்சு விமானத்துக்கான போட்டி நிதியின் மறைபெயர் என்கிறார். அப்போட்டியில் நோர்த்ரொப் நிறுவனம் வென்றது 1981 இல். சொல் வெளிவந்ததோ 1985 இல். இவ்விடைவெளி அவர் கூற்றைப் பொய்யாக்குவதன்று. ஆயினும் விளக்கம் வேண்டுவது. 1992 இல் விமானப்படைச் செயலாளர் டொனால்ட் றைஸ் வெளியிட்ட மறுப்புக்கும் இதே குறைபாடு உண்டு. அவர் உண்மையையே கூறியிருக்கலாம். ஆயின், 1960 மே மாதத்தில் சோவியத் மண்ணிலே யூ-2 வீழ்த்தப்பட்டபோது அது வானிலை ஆராய்ச்சி விமானம் என உரைத்ததும் அதே அரசுதான். சில நாட்களில் அப்பொய் அம்பலமாயிற்று. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் அமெரிக்காவிற் பதிவான பறக்கும் பொருட் காட்சிகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு உளவு விமானங்களே காரணம் என மத்திய உளவு நிறுவனத்தின் ஆய்வொன்று 1997 இற் கூறியது. மெய்யாகவே கண்ட மக்களுக்குப் பொய்க்காரணம் கூறப்பட்டு வந்தது என்பதே இதன் பொருள். பொய்யுரைத்துப் பழகிய அரசு இழப்பது, உண்மையுரைக்கும்போதும் நம்பப்படும் உரிமையை.

எனவே இரு நூல்களும் தத்தம் வாதத்தை நிறுவவில்லை என்பதே நமது முடிவு. சுவீற்மன் வானத்தை நோக்கும் பக்கங்களிலும் பார்க்கக் கணக்கேட்டை நோக்கும் பக்கங்களே வலிமை மிக்கவை. றிச் தொழில்நுட்பம் பற்றி எழுதும் பக்கங்கள் சிறந்தவை. மறுக்கும் பக்கங்கள் சான்றாகா. ஆயினும் இருவரும் ஒரே வினாவுக்கே விடை கூறுகின்றனர்: விமானம் உண்டா, இல்லையா? மெய்யான வினா அதுவன்று. பொதுப்பணத்தின் வரவு செலவு காலத்துக்குக் காலம் வெளியிடப்படல் வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் விதி. உளவு நிறுவனத்தின் செலவினத்தை வெளியிடுமாறு வரி செலுத்துவோர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவ்வாறு கோர அவருக்குத் தகுதியில்லை என உயர்நீதிமன்றம் 1974 இல் தீர்ப்பளித்தது. அரோரா என்ற சொல் எழுப்பிய வினா இத்தீர்ப்போடு தொடர்புடையது: அப்பணம் எங்கே சென்றது? அண்ணாந்து பார்த்து நிற்கும் மக்கள் ஏட்டைக் குனிந்து பார்ப்பதில்லை. அவ்வகையில் வதந்தி இரகசியத்தின் பகையன்று, அதற்குக் காவல்.

2013 இல் லொக்ஹீட் நிறுவனம் எஸ்.ஆர்.-72 என்ற அதிமீயொலி விமானக் கருத்தைத் தானே அறிவித்தது. 2022 இல் வெளிவந்த திரைப்படமொன்றில் தோன்றும் கற்பனை விமானத்தின் வடிவமைப்புக்கும் அதே இரகசியப் பிரிவு உதவியது. ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட வதந்தி இன்று விளம்பரமாக விற்பனையாகின்றது. இத்தகைய காலத்தில் வாசகன் மேற்கொள்ளத்தக்க நெறி ஒன்றே. ஒவ்வொரு கூற்றையும் எந்த அளவையால் அறிந்தாய் என வினவுதல் வேண்டும். அரசு கூறினும் வினவுதல் வேண்டும். அரசை எதிர்ப்போர் கூறினும் வினவுதல் வேண்டும். பல்கலைக்கழகக் கல்வி நமக்கு வேறெதனைத் தராவிடினும் இவ்வினாவையேனும் தருதல் வேண்டும்.