குழந்தை நூலுக்குப் பரிசு வழங்குவோர் யார்?

குழந்தைகளுக்கென எழுதப்பட்ட நூலுக்குப் பெரியவர்கள் கூடிப் பரிசு வழங்குகிறார்கள். இதில் வியப்பதற்கு யாதுமில்லை எனப் பலர் கருதக்கூடும். ஆனால் வேறெந்த இலக்கிய வகைக்கும் இத்தகைய நிலை இல்லை. நாவலை வாசிப்போரும் அதனை மதிப்பிடுவோரும் ஒரே அவையில் அமர்ந்திருக்கிறார்கள். குழந்தை நூலிலோ, எழுதுபவர், அச்சிடுபவர், விலை கொடுத்து வாங்குபவர், பரிசளிப்பவர் ஆகிய அனைவரும் வளர்ந்தோர். வாசிக்க வேண்டிய பிள்ளை மாத்திரம் அவைக்கு வெளியே நிற்கிறது. அப்பிள்ளையின் சார்பிலே பேசும் உரிமை யாருக்கு உண்டு என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் கேள்வி.

அமெரிக்க நாட்டில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். 1921 ஆம் ஆண்டில் நூலகர் கூட்டமொன்றிலே பிரெடெரிக் மெல்ச்சர் என்பவர், ஆண்டின் சிறந்த குழந்தை நூலுக்கு நியூபெரி என்னும் பழைய புத்தக வணிகரின் பெயரால் ஒரு பதக்கம் வழங்க வேண்டும் என முன்மொழிந்தார். தேர்வு செய்யும் பொறுப்பு எழுத்தாளரிடமோ பேராசிரியரிடமோ ஒப்படைக்கப்படவில்லை. குழந்தைகள் பகுதியிலே பணிபுரியும் நூலகர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. 1922 இல் முதற் பதக்கத்துக்கு 212 வாக்குகள் அளிக்கப்பட்டன. அவற்றுள் 163 வாக்குகளைப் பெற்றது ஹென்றிக் வான் லூன் எழுதிய மனிதகுல வரலாறு. கதையோ பாட்டோ அன்று, சரித்திர நூல்! நாள்தோறும் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்போர்க்கு அவர்களுடைய பசி எத்தகையது என்பது தெரிந்திருந்தது. இன்று நூலகர் மாநாட்டை ஒட்டிப் பெரும் விருந்து வைத்து அப்பதக்கத்தை வழங்குகிறார்கள். நூலாசிரியர் எழுந்து ஏற்புரை நிகழ்த்துகிறார்.

இதனை முழுமையான தீர்வாக நாம் கொண்டாட முற்படவில்லை. அந்தப் பதக்கம் ஒரு கறுப்பின எழுத்தாளரின் கரத்தை வந்தடைய 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வர்ஜீனியா ஹமில்டன் அதனைப் பெற்றபோது ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. நூலகரும் சமுதாயத்தின் மடியிலே வளர்ந்தவர்தாம். அச்சமுதாயம் எந்தப் பிள்ளையைப் பிள்ளையாகக் காண மறுக்கிறதோ, அந்தப் பிள்ளையை அவர்தம் கண்ணும் காணத் தவறும்.

இனி எமது குடாநாட்டுக்கு வருவோம். 1933 இல் க. மு. செல்லப்பா என்னும் நீதிமன்ற உத்தியோகத்தர் தமது வீட்டிலிருந்த புத்தகங்களை அயலாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் அது 844 நூல்களுடன் வாடகை அறையொன்றிலே இயங்கும் நூலகமாயிற்று. 1959 இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வேர் அந்த அறையிலேதான் உள்ளது. அந்நூலகத்துக்கு ஆலோசகராக இருந்தவர், ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என 1931 இலேயே விதி வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன். 1967 இல் அங்கே சிறுவர் பகுதி சேர்க்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி நள்ளிரவு கடந்து எரிந்த 97,000 நூல்களைப் பற்றிப் பேசும்போது ஏட்டுச்சுவடிகளையும் அரிய நூல்களையும் நினைவுகூர்கிறோம். அது நியாயமே. ஆயினும் ஒரு தலைமுறைச் சிறுவர் தம் கையெட்டும் உயரத்தில் இருந்த அலுமாரியையும் இழந்தனர் என்பதை எழுதியோர் சிலரே.

எமக்குக் குழந்தை இலக்கியம் இல்லாமற் போகவில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடியவற்றை அவர் மறைந்தபின் 'சிறுவர் செந்தமிழ்' எனத் தொகுத்தார்கள். ஆடிப்பிறப்பைப் பாடும்போது அவர் நீதி எதனையும் புகட்டவில்லை. மறுநாள் பள்ளி இல்லை என்னும் மகிழ்ச்சி. பயறு வறுபடும் வாசனை. தாயின் கை மாவைக் கிள்ளித் தட்டும் வேகம். பலாவிலையைக் கோலிக் கூழை ஊதிக் குடிக்கும் சுகம். ஒரு பிள்ளை அடுப்படியில் நின்று காண்பன எவையோ, அவையே பாட்டு. இந்தக் கண் ஈழத்துத் தமிழ்க் கவிதைக்கு வாய்த்த பெரும் பேறு என்போம். கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிய பாட்டு இன்னும் ஆழமானது. கூலி கேளாமல் கண்ணிமையாமல் காவல் நிற்பவன் என வெருளியைப் புகழ்வதுபோலப் புகழ்ந்து நகைக்கிறார். பிள்ளை சிரித்துவிட்டுப் போகும். தோட்டத்திலே கூலிக்கு நின்ற தகப்பனோ அவ்வளவு எளிதிற் சிரித்துவிட்டுப் போக மாட்டான்.

ஆனாலும் அந்த அடுப்படி யாருடையது என்ற கேள்வியை நாம் கேட்காமல் விட இயலாது. புலவர் ஆசிரியராகப் பணியாற்றிய அதே காலத்தில், குடாநாட்டுப் பாடசாலைகளிலே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர அனுமதியின்றித் தரையில் இருத்தப்பட்டார்கள். 1930 ஆம் ஆண்டளவில் சமாசனம் வேண்டும் என்ற முயற்சிக்கு எதிராகக் கலகமே நிகழ்ந்தது. அந்தப் பிள்ளைக்கும் ஆடிப்பிறப்பு உண்டு. ஆனால் அதன் கண்ணால் கண்ட ஆடிப்பிறப்பு ஏட்டில் ஏறவில்லை. புலவரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. பின்வந்தோருள் வேந்தனாரும், நவாலியிலேயே பிறந்த அம்பியும் ஓசையிலும் எளிமையிலும் புலவரின் வழியைச் செம்மையாகத் தொடர்ந்தார்கள். அப்பிள்ளையின் அடுப்படியைப் பாடும் பெரும் பணி மாத்திரம் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. குழந்தை நூலுக்குப் பரிசளிக்க முன்வருவோர் முதலிற் கேட்க வேண்டியது இதுவே: இந்நூலில் வரும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை?

இன்று பரிசுகளுக்குக் குறைவில்லை. அரச சாகித்திய விருது உண்டு. வடமாகாணச் சிறந்த நூற்பரிசு உண்டு. கடல் கடந்து பார்த்தால், 1950 இல் சென்னையிற் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவிய அழ. வள்ளியப்பா போன்றோர் மூட்டிய உற்சாகத்தின் நீண்ட தொடர்ச்சியாக, 2010 முதல் இந்திய சாகித்திய அக்காதெமி குழந்தை இலக்கியத்துக்கெனத் தனிப் புரஸ்காரம் அளித்து வருகிறது. பரிசே வேண்டாம் என்பதன்று எமது வாதம். 1961 இல் டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது, சிகை அலங்கரிப்பு நிலையத்தில் உழைத்த ஒருவரின் எழுத்தை இலக்கியம் என ஏற்க மறுத்தோர் வாயடைத்து நின்றார்கள். பரிசுக்கு அத்தகைய வலிமை உண்டு. வலிமை உண்டாதலாலேயே அதனை வழங்கும் முறையைப் பற்றி நாம் இவ்வளவு கவலை கொள்கிறோம்.

எமது விழாக்களை நோக்குவோம். மங்கல விளக்கு, ஆசியுரை, தலைமையுரை, முதற் பிரதியைப் பெறும் வர்த்தகப் பிரமுகர், பொன்னாடை, நயப்புரை, ஏற்புரை. பிள்ளைகளும் வருகிறார்கள், வரவேற்பு நடனம் ஆடி முடிந்ததும் உடை மாற்ற அனுப்பப்படுகிறார்கள். நூலைப் பற்றிப் பேச்சு எழும் வேளையில் அதன் வாசகர் ஒருவரும் மண்டபத்தில் இல்லை! மறுநாள் பத்திரிகையிற் படம் வருகிறது. அச்சான சில நூறு பிரதிகளிற் பெரும்பகுதி விழாவுக்கு வந்த பெரியோரின் மேசைகளிலே தங்கிவிடுகிறது. (விழாவின் மீது நாம் கொண்ட மோகம் சாமானியமானதன்று. புனரமைக்கப்பட்ட பொது நூலகத்தின் திறப்பு விழா 2003 பெப்ரவரியில் தடைப்பட்டது. அன்றைய மாநகர முதல்வர் செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் என்பதும் அத்தடையோடு சேர்த்துப் பேசப்பட்டது. பின்னர் விழா இன்றியே கதவு திறந்தது. வாசகர் உள்ளே போனார்கள்.)

நூலகரின் இடம் இங்கேதான் வருகிறது. ஒரு புத்தகம் எத்தனை முறை இரவல் போயிற்று, எந்தப் பக்கத்தில் மூலை மடிந்திருக்கிறது, எதனைத் திருப்பித் தர மனமின்றிப் பிள்ளை இன்னும் ஒரு கிழமை தவணை கேட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விண்ணப்பத்தோடு வந்த புதுப் பிரதியைப் புரட்டும் நடுவருக்கு இவை தெரிய வழியில்லை. நகரத்து நூலகர் மாத்திரம் போதார்; சனசமூக நிலையங்களின் வாசிகசாலைப் பொறுப்பாளரும், கரையோரக் கிராமத்துப் பாடசாலை ஆசிரியரும் நடுவர் அவையில் அமர வேண்டும். அமெரிக்காவில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் நேர்ந்த குருட்டுத்தனம் இங்கும் நேராதிருக்க வேறு காவல் எமக்குத் தோன்றவில்லை.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை பிள்ளைகளின் மாலைப் பொழுது முழுவதையும் விழுங்கும் நாட்டிலே வாசிப்புக்கு நேரம் ஏது எனச் சில ஆசிரியர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பரிசு பெற்ற நூல் கைக்கு எட்டிய பின்னரே நேரத்தைப் பற்றிய வழக்கைத் தொடர முடியும். பரிசுத் தொகையின் ஒரு பாதியை நூலாசிரியருக்கும், மறு பாதியை அந்நூலின் பிரதிகளாக வாசிகசாலைகளுக்கும் வழங்கலாம். விருந்துச் செலவைக் குறைத்தால் மேலும் ஐம்பது பிரதிகள் சேரும்.