நிலக்காட்சி ஓவியமும் உரிப்பொருளும்

காட்டுப்பாக்கத்தினின்று பூந்தமல்லி வழியாக மேற்கே செல்வார்க்குச் செம்பரம்பாக்கம் ஏரி எதிர்ப்படும். நிரம்புங்கால் 24 அடி நீர்மட்டமும் 364.5 கோடி கன அடி நீரும் உடையது அவ்வேரி. அதன் கரையிலிருந்து ஓவியம் எழுதப் புகும் இளைஞர், நீர், வான், பனை, கொக்கு, எருமை ஆகிய யாவற்றையும் ஒருங்கே எழுதுவர். ஒவ்வொன்றும் திருத்தமாகவே அமையும். எனினும் படம் சிறவாது. கண் எதன்மேலும் நில்லாது வழுவிப் போகும். வண்ணத்தை மிகுத்தால் இக்குறை நீங்கும் என்பர் சிலர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் அகத்திணையியலில் முதல், கரு, உரி என மூன்று கூறினார். நிலமும் பொழுதும் முதல். மரம், புள், விலங்கு, தொழில் முதலாயின கரு. மாந்தர்தம் ஒழுக்கம் உரி. செய்யுளுள் இவை முறையே ஒன்றின் ஒன்று சிறந்தன என்பது அவர் கருத்து. இம்முறை ஓவியத்துக்கும் ஒக்கும் என்பது எம் துணிபு. மேற்கூறிய இளைஞர் ஓவியத்தில் முதலும் கருவும் உள, உரி இல்லை. இல்லாத ஒன்றை வண்ணம் எங்ஙனம் ஈடுசெய்யும்?

அற்றேல், சொல்லற்ற ஓவியம் உரியை எவ்வாறு உணர்த்தும் எனின், சித்தன்னவாசல் விடை தரும். ஆங்குள்ள குடைவரையின் அர்த்தமண்டபத்தை, 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் புதுக்கினான் எனக் கல்வெட்டுக் கூறும். அதன் விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை. இலையும் மலரும் மீனும் புள்ளும் எருமையும் யானையும் நெருங்கிய அப்பொய்கையில் தொடுவானம் இல்லை. அண்மை சேய்மை வேறுபாடும் இல்லை. எனினும் மலர் கொய்யும் மூவர் நம் கண்ணைப் பற்றிக்கொள்கின்றனர். காரணம் வண்ணமிகுதி அன்று. செறிந்த இலைகளினிடையே அவர்தம் மேனி ஒன்றே விரிந்த, அமைதியான பரப்பாக உள்ளது. கண் ஆங்கே இளைப்பாறுகின்றது. மலர் கொய்யும் அன்பே அவ்வோவியத்தின் உரி. இலையும் மீனும் அதற்குச் சூழலாய் நிற்கின்றன.

ஏரிக்காட்சி இதற்கு மறுதலையானது. ஆங்கு எங்கும் விரிவே உளது. ஆதலின் செறிவு ஓரிடத்தே அமைதல் வேண்டும். மருதத்துக்குரிய விடியற்பொழுதில் வலையிழுக்கும் ஒருவனைக் கொள்க. அவன் வளைந்த முதுகும் நனைந்த வலையும் தெளிவுற எழுதி, எதிர்க்கரையை மங்கலாக்கி, எருமையை நீக்கினால், அவன் உழைப்பும் தனிமையும் அகன்ற நீர்ப்பரப்பு முழுவதிலும் பரவும். மிகுதியினிடையே அமைதி, அமைதியினிடையே செறிவு. இரண்டும் உரிக்கு ஏவல் செய்யும் நெறிகளே என்க.

இனி, இக்குறை ஓவியர்க்கு மட்டும் உரியதன்று. பாடலில் வரும் புள்ளையும் பூவையும் எண்ணிக் கணக்கிட்டு அமையும் ஆராய்ச்சியாளராகிய நமக்கும் உரியது. கருப்பொருட் பட்டியல் திணையாகாது. கண்டவற்றின் தொகுதி காட்சியும் ஆகாது.