கல்கத்தாவுக்குப் போன பையன்கள்

கூடி விளையாடி வளர்ந்த இருவர் காதலர்களாகும் கதை எல்லா மொழிகளிலும் உண்டு. வங்க நாவலில் அது ஒரு தனி மரபாகவே வேரூன்றிவிட்டது. எழுத்தாளர்களின் ரசனை மட்டும் இதற்குக் காரணமல்ல. பத்துப் பன்னிரண்டு வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்ட சமூகம் அது. அடுத்த வீட்டுப் பையனோடு அவள் சண்டை போடவும் சமாதானமாகவும் வாய்த்த காலம் சிறுபிராயம் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தைய காதலை எழுத நினைத்த நாவலாசிரியருக்கும் அந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது.

பங்கிம் சந்திரரின் ‘சந்திரசேகர்’ (1875) நாவலில் பிரதாப்பும் சைவலினியும் மணக்க முடியாத உறவுமுறை. சேர்ந்தே சாவதென்று கங்கையில் இறங்குகிறார்கள். அவன் மூழ்குகிறான், அவள் பயந்து கரைக்குத் திரும்பிவிடுகிறாள். தாகூரின் ‘ஏக் ராத்ரி’ (1892) சிறுகதையில் தடை உறவோ சாதியோ அல்ல. தேசசேவைக் கனவோடு கல்கத்தா போன இளைஞன், கூட விளையாடிய சுரபாலாவைப் பெண் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்கிறான். அவள் இன்னொருவர் மனைவியான பிறகு, வெள்ளம் சூழ்ந்த ஓர் இரவில் இருவரும் குளக்கரை மேட்டில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டுப் பிரிகிறார்கள்.

பையனுக்குக் கல்கத்தா, பெண்ணுக்கு மாப்பிள்ளை. இந்தப் பிரிவைச் சரத் சந்திரரைப் போல விடாமல் எழுதியவர் வேறு யாருமில்லை. ‘தேவதாஸ்’ (1917) கதையை 1953இல் வந்த படத்தின் வழியே அறிந்த தமிழர்கள் ஏராளம். குடிகாரக் காதலன்தான் நம் நினைவில் தங்கினான். நாவலைப் படித்தால் கண் அவன் கூட வளர்ந்த பார்வதிமேல்தான் நிலைக்கிறது. நள்ளிரவில் அவன் அறைக்கே போய்த் தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் துணிச்சல் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இருக்கிறது. படித்த தேவதாஸுக்கு இல்லை. பிறகு, தூண்டில் கழியால் அவள் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்குகிறான்.

‘ஸ்ரீகாந்த’னிலும் அடி உண்டு. பாடசாலைக் காலத்தில் ராஜலட்சுமி காட்டுப்பழங்களைக் கோத்து ஸ்ரீகாந்தனுக்குத் தினமும் மாலை கொண்டுவர வேண்டும். மாலை சிறுத்தால் அடி விழும். அவளோ அதையே மணமாலையாக மனத்தில் வைத்துக்கொள்கிறாள். பல ஆண்டுகள் கழித்து, பாட்டுக்காரி பியாரியாக ஒரு வேட்டை முகாமில் அவனைக் கண்டதும் அவள்தான் முதலில் அடையாளம் காண்கிறாள். பெண்ணின் நினைவாற்றலை இத்தனை மதித்த சரத், அவள் வாங்கிய அடியைக் காதலின் முத்திரையாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘பரிணீதா’ (1914) மட்டும் சுபமாக முடிகிறது. லலிதா, சேகரின் அலமாரியைத் தானே திறந்து பணம் எடுத்துக்கொள்வாள். கேட்பதும் இல்லை, அவன் தடுப்பதும் இல்லை. பொம்மைக் கல்யாண நாளன்று விளையாட்டாக அவன் கழுத்தில் மாலை போடுகிறாள். அவன் திருப்பிப் போட்டதும் அது விளையாட்டில்லாமல் போகிறது. இருவர் வீடும் கல்கத்தாவில், பக்கத்துப் பக்கத்தில். படிப்புக்காக அவன் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. முடிவு இனித்ததில் இதற்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929இல் வந்தது. அதே ஆண்டு நூலான தாகூரின் ‘சேஷேர் கவிதா’வில் அமித்தும் படித்த பெண்ணான லாவண்யாவும் முன்பின் அறியாதவர்கள், ஷில்லாங் மலைப்பாதையில் கார்கள் மோதிக்கொண்டதால் சந்திக்கிறார்கள். காதலுக்கு வேறு வாசல்கள் திறந்துவிட்டன. ஆனாலும் லாவண்யா கடைசியில் மணப்பது, அவள் தந்தையிடம் பாடம் கேட்க வந்து மௌனமாக அவளை நேசித்த சோபன்லாலைத்தான்.