நிர்வாணத்தின் பின்: திருநங்கையர் தன்வரலாறுகளில் உடற்பேணல்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் அருகிருந்து அம்மருந்தை இயற்றுபவன் என்பன அந்நான்கு. இறுதியிற் கூறப்பட்டவனை உழைச்செல்வான் என்றார். பரிமேலழகர் ஒவ்வொரு கூறினையும் மேலும் நந்நான்காக விரிக்கின்றார். நோயாளிக்கு வேண்டிய பண்புகளுள் பொருளுடைமையையும் தன் நோய்நிலையை உணர்த்தும் வன்மையையும் வைத்தார். உழைச்செல்வானுக்கு நோயாளிமாட்டு அன்பும், தூய்மையும், சொல்லியவாறு செய்யும் திறனும், அறிவும் வேண்டுமென்றார். நோயாளியைப் பற்றி எழுந்த இலக்கியத்தை மதிப்பிடுவதற்கும் இவ்வளவுகோல் பொருந்தும். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் தோன்றிய திருநங்கையர் தன்வரலாறுகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், இதுகாறும் திறனாய்வாளர் கவனியாது விட்ட ஒரு பகுதி புலனாகும்.

அந்நூல்களுள் இரண்டு சிறப்பாகக் கருதத்தக்கவை. ஒன்று, லிவிங் ஸ்மைல் வித்யா எழுதி 2007இல் வெளிவந்த நான், வித்யா. மற்றொன்று, அ. ரேவதி எழுதிய வெள்ளை மொழி. ரேவதியின் வாழ்க்கை வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முந்தி வெளிவந்து, பின்னரே தமிழில் நூலுருப் பெற்றது. வித்யாவின் நூல் கன்னடத்திற் திரைப்படமாகி 2015இல் வெளிவந்தது. இவற்றிற்கு முன்னர் 1990களில் சு. சமுத்திரம் வாடாமல்லி என்னும் நாவலில், சுயம்பு என்னும் இளைஞன் மேகலையாக மாறும் கதையைப் பரிவோடு எழுதியிருந்தார். எனினும் அது புறத்தே நின்று நோக்கியவரின் ஆக்கம். வித்யாவும் ரேவதியும் தம் உடலின் வழக்கைத் தாமே உரைத்தனர்.

இந்நூல்களைப் போற்றியோர் பலரும் குடும்பத்தாற் புறக்கணிக்கப்பட்ட துயரையும், பெண்ணாக வாழும் வேட்கையையும், சத்திரசிகிச்சைக் காட்சியின் கொடுமையையும் எடுத்துரைத்தனர். கத்தி எடுக்கப்பட்டதும் வாசகர் கண்ணீர் சிந்துகின்றனர். கத்தி கீழே வைக்கப்பட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். ஆனால் உடலுக்குரிய கதை அவ்விடத்தில் முடிவதில்லை.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற வித்யா, புனாவில் புகைவண்டிகளிற் பிச்சையேற்றுப் பொருள் திரட்டி, ஆந்திரத்துக் கடப்பையிற் சத்திரசிகிச்சை பெற்றார். தம் உடலில் நிகழ்வதை விழிப்போடு உணர்ந்தவாறே கிடந்த அந்நேரத்தை அவர் மிகையின்றி எழுதியுள்ளார். அதனினும் ஆழமான பகுதி, புண் ஆறுமுன்னரே புனாவுக்குத் திரும்ப நேர்ந்த நெடும்பயணம். நோயாளி கிடந்து தேற வேண்டிய நாட்களிற் பயணிக்க வேண்டியிருப்பது, பொருளுடைமை என உரையாசிரியர் கூறிய பண்பு இல்லாதவிடத்து நேரும் அவலம். பணம் முழுவதும் கத்திக்கே செலவாகிவிட, படுக்கைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இதனை வித்யா விளக்கவுரையாகச் சொல்லவில்லை. பயணத்தின் நோவே அதனை உணர்த்திவிடுகின்றது. அந்நூலின் கலைச்சிறப்பு இவ்வடக்கத்திலேயே தங்கியுள்ளது.

ரேவதி திண்டுக்கல்லில் ஒரு மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர். அவர் நூலில் மேலோங்கி நிற்பது திருநங்கையர் குழுவின் நாற்பது நாள் நோன்பு. அந்நாட்களில் ஆடவர் முகம் நோக்கலாகாது, கண்ணாடி பார்க்கலாகாது, தலை சீவலாகாது. நோன்பு நிறைவெய்தியதும் மஞ்சள் நீராட்டும் அன்னைக்குப் பால்குட வழிபாடும் நிகழும். இதனை மூடவழக்கு எனத் தள்ளுவோரும் உளர். தொன்மையின் அழகு எனப் போற்றுவோரும் உளர். இரு சாராரும் அதன் பயனை ஆராய்ந்திலர். புண்பட்டவருக்கு நாற்பது நாள் ஓய்வும், தனியிடமும், வேளைக்கு உணவும், பக்கத்தில் ஆளும் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு அது. கண்ணாடியை விலக்கும் விதியிலும் ஓர் உளநூல் நுட்பம் உண்டு. வீங்கியும் கன்றியும் இருக்கும் உடலைக் கண்டு மனம் உடையாதவாறு அது காக்கின்றது. பெற்ற தாய் வராத இடத்தில் குருவும் மூத்த திருநங்கையரும் உழைச்செல்வாராக அமைந்தனர். உரையாசிரியர் கூறிய அன்பு அவர்களிடத்து இருந்தது. சொல்லியவாறு செய்யும் திறனும் இருந்தது.

அறிவு என்னும் நான்காம் பண்பில் மாத்திரமே அவ்வேற்பாடு குறையுடையது. அக்குறை சிறிதன்று. ஆணுறுப்பும் விதைகளும் நீக்கப்பட்ட பின் சிறுநீர்வாய் நாளடைவிற் சுருங்கி, தாரை மெலிந்து, முடிவில் அடைபடவும் கூடும். நாற்பதாம் நாளில் நோன்பு முடிந்தாலும் அச்சுருக்கம் பல திங்கள் கழித்தும் தோன்றலாம். மஞ்சளும் வெந்நீரும் அதனைத் தீர்க்கமாட்டா. வைத்தியரே தீர்க்க வேண்டும். விதைகள் அகற்றப்பட்ட உடலுக்கு ஓமோன் மருந்து தொடர்ந்து கிடையாவிடின் எலும்பு நலிவுறும். யோனி புதிதாக அமைக்கப்பெற்றவர் அது சுருங்காதிருக்க விரிகோலொன்றை முதற் திங்களில் நாள்தோறும் பலமுறை பயன்படுத்தல் வேண்டும். பின்னர் முறை குறையினும் அப்பழக்கம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். காய்ச்சல், நிற்காத குருதிக்கசிவு, நாற்றமுடைய சீழ், சிறுநீர்த் தடை, மலம் யோனிவழி வெளிப்படல், காலில் ஒருபுற வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நாள் கடத்தாது வைத்தியசாலையை நாடல் வேண்டும். திருநம்பியருக்குக் குறி அமைக்குமிடத்துச் சிறுநீர்க்குழாயில் துளையும் சுருக்கமும் அடிக்கடி நேர்வன. மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டப்படுதலும் உண்டு.

இந்நிலையில் திருநங்கையர் வழக்கிலுள்ள நிர்வாணம் என்னுஞ் சொல் ஆராயத்தக்கது. அவர்கள் இச்சத்திரசிகிச்சையையே அச்சொல்லாற் குறிக்கின்றனர். தலதா மாளிகையின் நிழலில் வாழும் கண்டியருக்கு நிர்வாணம் புதிய சொல்லன்று. பௌத்தர் வாயில் அது துன்பம் முழுதும் அவிந்த நிலையைக் குறிப்பது. அதற்கப்பால் செய்ய வேண்டுவது யாதுமில்லை. திருநங்கையரும் பழைய உடலின் தளை அற்று மறுபிறவி எடுக்கும் நிறைவை அச்சொல்லில் வைத்தனர். அந்நிறைவு பொய்யன்று, இரு நூல்களும் அதற்குச் சான்று பகர்கின்றன. ஆயினும் சொல் முடிவைச் சுட்ட, உடல் ஒரு தொடக்கத்தைச் சுட்டுகின்றது. முத்தி பெற்றவர் மீண்டும் நோவைச் சொல்வது எங்ஙனம்? விரும்பிப் பெற்ற ஒன்றினால் விளைந்த இடரை வெளியிட்டால், விரும்பியதே பிழை எனப் பிறர் கூறுவர் என்னும் அச்சம் வாயை அடைக்கின்றது. நோய்நிலை உணர்த்தும் வன்மை இவ்வாறே பறிபோகின்றது.

இவ்வாய்ப்பூட்டு தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்திற் பிறந்த மைக்கேல் டில்லன், 1946 முதல் 1949 வரை ஹரோல்ட் கில்லீஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் பதின்மூன்று சத்திரசிகிச்சைகள் பெற்று ஆணுடல் எய்தியவர். அந்நாட்களில் அவர் டப்ளினில் வைத்தியக் கல்வி பயின்றுகொண்டிருந்தார். புண்ணிற் கிருமி பற்றிக் கால் நொண்டியபோது போர்க்காயம் என்றே பிறருக்குக் கூறினார். வைத்தியம் பயின்றவருக்கே உண்மைக் காரணம் நாவில் வரவில்லை. பின்னர் இந்தியா சென்று பௌத்த துறவு நெறி மேற்கொண்ட அவர், புத்தபிரானின் மருத்துவனாகிய ஜீவகன் பெயரைத் தம் பெயராக ஏற்றார். 1962இல் இமயச் சாரலிலுள்ள டல்ஹௌசியில் மறைந்தார். அவர் எழுதி வைத்த தன்வரலாறு 2017இலேயே அச்சேறிற்று. கேரளத்து வானொலி அறிவிப்பாளர் அனன்யா குமாரி அலெக்ஸ் இதற்கு மாறாகப் பேசத் துணிந்தார். 2020இற் சத்திரசிகிச்சை பெற்ற அவர், ஓராண்டு கழிந்தும் நெடுநேரம் நிற்கவோ வேலை செய்யவோ இயலவில்லை என வெளிப்படையாகக் கூறினார். 2021 யூலையில் அவர் இறந்தார். ஒருவர் மறைத்தார்; ஒருவர் உரைத்தார். உரைப்பது மாத்திரம் போதாது, கேட்பாரும் வேண்டும் என்பது பின்னவர் வரலாற்றாற் பெறப்படும்.

சட்டம் ஓரளவு முன்னேறியுள்ளது. தமிழகம் 2008இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்குதலை அரசின் கடமையாக வைத்தது. இலங்கையிற் சுகாதார அமைச்சு 2016இல் வெளியிட்ட சுற்றறிக்கை, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி செய்தது. ஆனால் சான்றிதழ் புண்ணுக்கு மருந்திடுவதில்லை. கண்டியைச் சூழ்ந்த தோட்டமொன்றின் லயத்தில் வாழும் ஒருவரை எண்ணிப் பார்த்தல் தகும். ஓர் அறையிற் குடும்பம் முழுவதும் உறங்கும். நீர்க்குழாய் பலருக்குப் பொது. நாளுக்குப் பலமுறை கதவடைத்துச் செய்ய வேண்டிய பேணலை அங்கே செய்வது எவ்வாறு? தேயிலை மலையில் ஏறி இறங்கும் தொழிலாளிக்கு ஆறு கிழமை ஓய்வை யார் தருவர்? பெரிய வைத்தியசாலைக்கு வந்து நின்றாலும், வெளிநோயாளர் வரிசையில் எந்தப் பெயரைக் கூறி எந்த நோவைச் சொல்வது?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உருவான கைலாசபதி முதலியோர், இலக்கியம் வாழ்வின் உண்மையைக் காட்டல் வேண்டும் என வற்புறுத்திய மரபு ஈழத்துத் திறனாய்வுக்கு உண்டு. அம்மரபினர் மண்ணையும் உழைப்பையும் எழுதச் சொன்னார்கள். ஆறாத புண்ணும், அடைபட்ட சிறுநீரும், கூசி நிற்கும் நாவும் வாழ்வின் உண்மையே. வித்யாவும் ரேவதியும் அவ்வுண்மையின் வாயிலைத் திறந்தனர். எனினும் இரு நூல்களிலும் பயணம், சடங்கு, பிழைப்பு ஆகியன பெறும் விரிவை, ஆண்டுக்கணக்கிற் தொடரும் அன்றாடப் பேணல் பெறவில்லை. இதனை அவர்கள் குறையென்று மாத்திரம் கொள்ளலாகாது. வீடும் வேலையும் தேடி அலைந்தவர்க்குத் தம் உடலைச் சாவகாசமாக நோக்கும் பேறு வாய்த்திலது. அடுத்து எழுதுவோர் அவ்விடத்திலிருந்து தொடங்கலாம்.

கல்லூரி மாணவருட் சிலர் வைத்தியராவர்; சிலர் தாதியராவர்; பலர் ஆசிரியராவர். அன்னோர் இந்நூல்களைப் படிக்குங்காற் கண்ணீருக்குரிய பக்கங்களோடு நின்றுவிடாது, வித்யாவின் புகைவண்டிப் பயணத்தையும் ரேவதியின் நாற்பது நாட்களையும் ஊன்றிப் படித்தல் வேண்டும். எதிரில் நிற்பவர் சொல்லக் கூசும் நோவைக் கூசாது கேட்கும் பயிற்சி அப்பக்கங்களில் உண்டு. வள்ளுவர் நான்காவதாக வைத்த உழைச்செல்வானுக்குத் தமிழ்நாட்டிற் குருவும் குழுவும் ஓரளவு இடங்கொடுத்தனர். கண்டியில் அவ்விடம் நிரப்பப்படல் வேண்டும்.