நகரும் அதன் எல்லையும்: போறெஸ்ரரின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

திட்டம் வகுப்போர் ஒரு குறையைக் கண்டவிடத்து அதற்கெனத் தனியொரு மருந்து தேடுவர். அம்மருந்து பிறிதோரிடத்தில் நோயாய் முளைத்தலை நோக்கார். இவ்வழக்கத்தைக் கண்டித்தெழுந்த நூல்களுள் ஒன்று ஜே போறெஸ்ரர் 1969 இல் வெளியிட்ட 'நகர இயக்கவியல்'. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தினரான அவர் முன்னர்க் கைத்தொழில் நிலையங்களை ஆராய்ந்தவர். 1960 முதல் 1968 வரை பொஸ்ரன் நகர முதல்வராயிருந்த ஜோன் கொலின்ஸ், பதவி நீங்கியபின் அக்கழகத்தில் அவருக்கு அயலறையினரானமையே இந்நூலுக்கு வித்தாயிற்று.

தொழில் நிறுவனம், வீடு, மக்கள் என்னும் மூன்றும் ஒன்றையொன்று இயக்கும் தொகுதியே நகரம் என்பது அவர் கொள்கை. மலிவான வீடுகளைக் கட்டினால் வறியோர் பலர் வந்து சேர்வர், வீடுகள் நிலத்தைக் கவர, தொழிலுக்கு இடமின்றிப் போகும், வேலையின்மை பெருகும், வரி உயரும், எஞ்சிய நிறுவனங்களும் அகலும். கணனியில் 250 ஆண்டுகளை ஓடவிட்டுக் கண்ட முடிபு இது: ஏழைகளுக்கு வீடு கட்டல் நகரைத் தேய்க்கும், பழுதுற்ற வீடுகளை இடித்துத் தொழிலுக்கு இடமளித்தல் நகரை வளர்க்கும்.

பின்னூட்டலைப் பின்தொடரும் இப்பயிற்சி போற்றற்குரியது. நன்னோக்கமொன்றே நற்பயனைத் தாராது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய நூல்கள் சிலவே. புள்ளிவிவரங்களிலும் நகர அலுவல்களிற் பழுத்தோரின் அநுபவத்தையே அவர் மிகுதியும் நம்பினார் என்று குறை கூறுவர். அதனைப் பெருங்குறையெனக் கொள்ளவேண்டுவதில்லை. அட்டவணையில் அடங்காத அறிவும் அறிவே.

குறை வேறிடத்தில் உள்ளது. நகருக்கு வெளியேயுள்ள உலகை எல்லையற்றதாகவும் நகரின் செயலால் மாறாததாகவும் நூல் கொள்கிறது. வீடு இடிக்கப்பட்டவன் எங்கே போவான்? எல்லையைக் கடந்ததும் அவன் கணக்கினின்றும் மறைகிறான். அவனை ஏற்கும் அயலூரின் சுமையும் மறைகிறது. நகரின் நலம் உயர்ந்தது என்பதில் ஒரு பகுதி, வறியோர் வேறிடத்தில் வறியோராயினர் என்பதேயாகும். பகுதியை மட்டும் நோக்குகின்றனர் என்று பிறரைக் கடிந்த நூல், தானும் ஒரு பகுதியையே நோக்கிற்று.

செயின்ற் லூயிஸ் நகரில் 1950 களில் எழுந்த புறூயிற்-ஐகோ என்னும் 33 மாடிக் கட்டடங்களைக் கொண்ட குடியிருப்பு 1972 முதல் இடிக்கப்பட்டமையைப் போறெஸ்ரரின் முடிபுக்குச் சான்றாகக் கொள்ள இடமுண்டு. ஆனால் அக்குடியிருப்பின் பராமரிப்புச் செலவு குடியிருந்தோரின் வாடகையைச் சார்ந்திருந்தது. நகரமக்களோ புறநகர்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். வாடகை குன்றப் பராமரிப்புக் குன்றிற்று. அச்சுழலைக் காணவேண்டின் புறநகரையும் மாதிரியுருவினுள் வைத்தல் வேண்டும். நூலில் அது இல்லை.

இம்மரபில் வந்த டொனெல்லா மெடோஸின் நூல், அவர் மறைந்தபின் 2008 இல் வெளிவந்தது. தொகுதியின் எல்லை இயற்கையில் இல்லை, ஆராய்வோனின் நோக்கத்துக்கேற்ப வரையப்படுவது என்று அதில் அவர் எழுதுகிறார். அதே நூலில், மலிவான வீடுகள் குறையக் குறைய நகரம் நலமுறும் என்னும் போறெஸ்ரரின் முடிபையும் எடுத்தாளுகிறார். அவ்வெல்லையை யார், எந்நோக்கத்தோடு வரைந்தனர் என்று அவ்விடத்தில் அவர் வினவவில்லை.